ஒருவர் சம்பாத்தியக் குடும்பமும் வருமான வரிப் பிடித்தமும்

மாதச் சம்பளம் வாங்குவோருடைய வருமான வரி, பணம் அவர்கள் கைக்கு வந்து சேருமுன்னரே பிடிக்கப்பட்டுவிடுகிறது. வியாபாரிகள் வருஷ லாபத்தை மதிப்பிட்டு நான்கு தவணைகளில் முன்வரி செலுத்துகிறார்கள்; வக்கீல்களும் வைத்தியர்களும் அவ்வாறே. செலவைக் கழித்துக் காட்டவும், கணக்கரைக் கலந்துகொள்ளவும், தவணை நாள் வரையில் பணத்தைக் கையில் வைத்திருக்கவும் அவர்களுக்கு அவகாசமுண்டு. சம்பளக்காரருக்கு அந்த அவகாசம் சிறிதும் இல்லை. வேலை கொடுப்பவரே சர்க்காருக்கு வரி வசூலிக்கும் குமாஸ்தாவாக அமர்ந்து, பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். கையில் வந்திராத பணத்தைப் பற்றி வருந்துவோர் குறைவு. ஆகையால், இந்தப் பிடித்தம் எந்த அளவுகோலைக் கொண்டு செய்யப்படுகிறது, அந்த அளவுகோல் நேர்மையானதுதானா என்ற விவாதமும் நம் நாட்டில் குறைவாகவே நடைபெறுகிறது. வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதிக்க, மற்றவர்கள் அவரை நம்பி வாழும் குடும்பங்களின் நிலையை முன்னிட்டு இவ்விஷயத்தைச் சற்று விஸ்தாரமாக ஆராய விரும்புகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 2025-ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் புதிய முறைக்கென்று விதிக்கப்பட்ட விகிதங்களை நேயர்கள் அறிவார்கள். முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரியில்லை. அதற்குமேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று படிப்படியாக ஏறி, 24 லட்சத்தைத் தாண்டியதும் 30 சதவீதமாகிறது. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. கழிவு போக நிற்கும் தொகை 12 லட்சத்துக்கு மேற்படாவிட்டால், விசேஷத் தள்ளுபடியினால் வரியே இல்லை என்றாகிறது.

இனி ஒரே தெருவில் எதிரெதிராக உள்ள இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வருஷ வருமானம் 18 லட்சம். ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவரும் ஆளுக்கு 9 லட்சம் சம்பாதிக்கிறார்கள். எதிர் வீட்டில் கணவன் ஒருவனே 18 லட்சமும் சம்பாதிக்கிறான். மனைவி வீட்டிலிருந்து இரண்டு குழந்தைகளையும் வயது முதிர்ந்த மாமியாரையும் பராமரிக்கிறாள். முதல் வீட்டில் ஒவ்வொருவருக்கும் கழிவு போக 8,25,000 ரூபாய்தான் நிற்கிறது. தள்ளுபடியினால் இருவருக்கும் வரி பூஜ்யம். எதிர் வீட்டுக்காரனுக்கோ 17,25,000 ரூபாய்க்கு வரி 1,45,000. அதன்மேல் 4 சதவீதம் செஸ் 5,800. ஆக 1,50,800 ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 12,567 ரூபாய் அவன் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. இரு வீட்டாரும் ஒரே கடையில் அரிசி வாங்குகிறார்கள். ஒரே பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்டுகிறார்கள். உண்ணும் வாய்கள் குறைவாகவுள்ள வீடு ஒரு காசும் செலுத்துவதில்லை. அதிகமாகவுள்ள வீடு ஒன்றரை லட்சம் செலுத்துகிறது.

வருமானம் ஏறினால் இந்த வேற்றுமையும் ஏறுகிறது. இருவர் சேர்ந்து 25,50,000 ரூபாய் சம்பாதிக்கும் வீடு, இருவருக்கும் சமமாக அது பிரிந்திருக்குமானால், வரி ஏதும் செலுத்த வேண்டியதில்லை. அதே தொகையை ஒருவர் சம்பாதித்தால் செஸ் உள்பட 3,35,400 ரூபாய் கட்ட வேண்டும். இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் பிரயாணச் செலவும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தும் செலவும் உண்டு என்பது வாஸ்தவந்தான். அதற்காக அவர்களுக்குச் சிறிது சலுகை இருப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் வேற்றுமை 1,50,800 ரூபாய்க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வேற்றுமையாக இருக்கலாமா?

12,75,000 ரூபாய் வரையில் சம்பளம் பெறுவோருக்கு வரியே இல்லையென்று செய்தது 2025 பட்ஜெட்டின் பெரிய உபகாரம். ஒருவர் சம்பாத்தியத்தில் வாழும் லட்சக்கணக்கான வீடுகள் அதனால் இந்தத் தொல்லையிலிருந்து விடுபட்டிருக்கின்றன. இதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அதைக் காட்டி, "இந்த வரம்புக்கு மேலே சம்பாதிப்பவன் பணக்காரன்தானே, அவன் அழுவானேன்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பணக்காரனா, அல்லவா என்பதைச் சம்பளத்தை மட்டும் பார்த்து யாரும் சொல்ல முடியாது; அந்தச் சம்பளத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சென்னையில் வீட்டு வாடகை கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, பெற்றோரின் மருந்துச் சீட்டையும் சுமப்பவனையும், அதே சம்பளத்தை வாங்கிக்கொண்டு விடுதியில் தனியாக வாழும் இளைஞனையும் ஒரே தராசில் நிறுத்தி ஒரே வரியைப் பிடிப்பது சமத்துவமன்று. கண்ணைக் கட்டிக்கொள்வது வேறு, பாரபட்சமின்மை வேறு.

பழைய முறையில் குடும்பத்தைப் பற்றிய நினைவு ஓரளவாவது இருந்தது. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம், ஆயுள் இன்ஷ்யூரன்ஸ், பெற்றோரின் வைத்திய இன்ஷ்யூரன்ஸ், வீட்டு வாடகை, அங்கக்குறையுள்ளவரைப் பராமரிக்கும் செலவு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கழிவுகள் அதில் உண்டு. அவை போதுமானவையென்று நாம் சொல்லவில்லை. குழந்தைக்குக் கல்விப்படி என்று மாதம் 100 ரூபாயை வரியினின்றும் விலக்கி, அந்த நூறு ரூபாயை நெடுங்காலம் அசைக்காமல் வைத்திருந்த சட்டத்தைப் புகழ்வதற்கு நமக்கு நாக்கு எழாது. ஆனாலும், வரி செலுத்துபவனுக்கு ஒரு குடும்பம் இருக்கக்கூடும் என்பதையாவது அந்த முறை அறிந்திருந்தது. புதிய முறை எளிமையின் பேரால் அவற்றில் பெரும்பாலானவற்றைத் துடைத்துவிட்டது. விகிதம் குறைந்தது, குடும்பம் மறைந்தது.

நம் நாட்டு வருமான வரிச் சட்டம் என்றுமே இப்படிக் குருடாக இருந்ததில்லை. இவ்வரி 1860-இல் ஜேம்ஸ் வில்ஸன் துரையால் முதன்முதலாக விதிக்கப்பட்டது. சிப்பாய்க் கலகத்தை அடக்கிய செலவை நம் ஜனங்களின் தலையில் சுமத்துவதற்காக அது வந்தது. அப்போது சென்னைக் கவர்னராயிருந்த ஸர் சார்லஸ் டிரெவிலியன் அதனைக் கடுமையாக ஆட்சேபித்து, தமது ஆட்சேபத்தைப் பத்திரிகைகளிலேயே வெளியிட, அதற்காகப் பதவியினின்று திருப்பி அழைக்கப்பட்டார். பட்டணத்துக்கு இந்த வரியுடன் ஏற்பட்ட முதல் பரிச்சயம் அது. 1922-ஆம் வருஷத்துச் சட்டம் சம்பளத்திலிருந்து நேரே பிடிக்கும் முறையைக் கைக்கொண்டது. 1961-ஆம் வருஷத்துச் சட்டம் அதைத் தன் 192-ஆம் பிரிவில் தொடர்ந்தது. இவற்றுக்கு இடையே, நாடு சுதந்திரம் பெற்ற பின்னர், 1955-இல், நிதி மந்திரியாயிருந்த ஸ்ரீ சி. டி. தேஷ்முக் ஒரு நல்ல காரியம் செய்தார். அதுவரையில் எல்லோருக்கும் 1,500 ரூபாயாயிருந்த வரியில்லாப் பகுதியை, விவாகமானவர்களுக்கு 2,000 ரூபாயாக உயர்த்தி, விவாகமாகாதவர்களுக்கு 1,000 ரூபாயாகக் குறைத்தார். தொகை இன்றைக்குச் சிரிப்புக்கிடமாக இருக்கலாம், தத்துவம் அப்படியன்று. இருவர் உண்ண வேண்டிய சம்பளமும் ஒருவர் உண்ணும் சம்பளமும் வெவ்வேறு என்பதைச் சுதேச சர்க்கார் அன்று ஒப்புக்கொண்டது. பின்னர் வந்த திருத்தங்களில் அந்த ஏற்பாடு மறைந்துபோயிற்று. அதை மீட்க வேண்டுமென்று பெரிய கிளர்ச்சி ஏதும் எழவில்லை. சம்பளக்காரருக்குக் கிளர்ச்சி செய்யப் பழக்கமும் இல்லை, லீவும் இல்லை.

"நமது சட்டம் தனி மனிதனையே அறியும், குடும்பத்தை அறியாது" என்பது இதற்குச் சாதாரணமாகக் கூறப்படும் சமாதானம். இந்தச் சமாதானம் உண்மையாயிருந்தால் நாம் ஓரளவு வாயடைத்துப் போவோம். ஆனால் வரிச் சட்டத்தோடு சிறிது பரிச்சயமுள்ள எந்த வக்கீலும் இது உண்மையன்று என்பதை அறிவார். கணவன் தன் சம்பளத்தில் மீதம் பிடித்த 5 லட்சம் ரூபாயை மனைவிக்குக் கொடுத்து, அவள் பேரில் பாங்கியில் போட்டால், அதில் வரும் வட்டி யாருடைய வருமானம்? மனைவியுடையதன்று, கணவனுடையதே என்கிறது சட்டம். அவன் வருமானத்தோடு சேர்த்து அவன் விகிதத்திலேயே வரி போடுகிறது. மைனர் குழந்தையின் பேரில் போட்டாலும் பெற்றோர் கணக்கிலேதான் வந்து விழும். இந்தச் சேர்ப்பு விதி இன்று நேற்று வந்ததன்று. 1922-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே 16-ஆம் பிரிவில் இதைச் சேர்த்திருந்தார்கள். அது செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், செல்லும் என்று 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கணவனும் மனைவியும் தம் வருமானத்தைப் பிரித்துக் காட்டி வரியினின்று தப்பக்கூடாது என்பது அதன் நோக்கம். நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், வரி கூடும்போது கணவனும் மனைவியும் ஒன்று, வரி குறையவேண்டிய இடத்தில் அவர்கள் இரண்டு என்றால், அது எந்த ஊர்த் தர்க்கம்? வட்டியைக் கூட்டும்போது குடும்பத்தைக் காணும் கண், உண்பவர்களை எண்ணும்போது மட்டும் மங்கிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹிந்து கூட்டுக் குடும்பம் என்பதைச் சட்டம் ஒரு தனி நபராகவே பாவிக்கிறது. அதற்குத் தனிக் கணக்கு, தனி எண், 4 லட்சம் வரை வரியில்லாத தனி வரம்பு எல்லாம் உண்டு. பூர்விகச் சொத்தின் வாடகையோ குடும்ப வியாபாரத்தின் லாபமோ வருமாயின் அந்தக் கணக்கில் காட்டலாம். சம்பளத்தை அதில் காட்ட முடியாது. சம்பளம் உழைத்தவனுடைய சொந்த வருமானம். நம் சொத்தைக் குடும்பத்தின் பொதுச் சொத்தாக்கிவிட்டோம் என்று சொன்னாலும், சேர்ப்பு விதி குறுக்கே வந்து நிற்கும். ஆகவே, பாட்டன் வைத்துப்போன கட்டிடம் உள்ளவனுடைய குடும்பத்தைச் சட்டம் வணங்கி வரவேற்கிறது. சொத்தில்லாமல் சம்பளம் ஒன்றையே நம்பி வாழ்பவனுக்குக் குடும்பம் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரர்களுக்கோ எவ்வளவு சொத்திருந்தாலும் இந்த வழி இல்லை.

வீட்டிலிருக்கும் மனைவி சம்பாதிக்கவில்லை என்று சொல்வதையே நம் நீதிமன்றங்கள் இப்போது ஏற்பதில்லை. மோட்டார் விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு நஷ்டஈடு நிர்ணயிக்கும் வழக்குகளில், அவளுடைய வீட்டு உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்பதை சுப்ரீம் கோர்ட்டு பலமுறை வற்புறுத்தியிருக்கிறது. 2021 ஜனவரியில் அளித்த தீர்ப்பிலும் அதை விரிவாக எடுத்துரைத்தது. 2023 ஜூன் மாதத்தில் நமது சென்னை ஹைகோர்ட்டு இன்னும் ஒருபடி மேலே சென்றது. வெளிநாட்டில் வேலை செய்த கணவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. வீட்டைக் காத்து, பிள்ளைகளை வளர்த்து, கணவன் கவலையின்றிச் சம்பாதிக்க இடங்கொடுத்த மனைவியும் அச்சொத்தைச் சேர்ப்பதில் பங்காளியே என்று அத்தீர்ப்பு கூறிற்று. சொத்தில் அவள் பங்காளியானால், அந்தச் சொத்துக்கு மூலமான சம்பளத்திலும் அவளுக்குப் பங்குண்டென்று கொள்வதல்லவா முறை? பிடித்தம் செய்யும் நாளில் மட்டும் அவள் இல்லாதவளாகிவிடுவது எங்ஙனம்?

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டுமென்பது நம் கட்சியன்று. அமெரிக்காவில் சம்பளத்திலிருந்து வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் பிடிக்கும் முறை 1943-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் நிலைபெற்றது. 1948 முதல் தம்பதிகள் தங்கள் வருமானத்தைச் சேர்த்து ஒரே கணக்காகக் கொடுத்து, அகன்ற வரம்புகளின் பயனை அடையலாமென்று அனுமதித்தார்கள். அங்கே வேலையில் சேருபவர், 'டபிள்யூ-4' என்ற பாரத்தில் தாம் தனியரா, தம்பதிகளாய்ச் சேர்ந்து கணக்குக் கொடுப்பவரா, தம்மை நம்பியிருப்போர் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுக்கிறார். மனைவி வேலை செய்யாத வீட்டுக்காரர் அப்படி எழுதிக் கொடுத்தால், அடுத்த சம்பளத்திலேயே பிடித்தம் குறைகிறது. இருவரும் வேலை செய்தால் அதற்கென்றுள்ள இடத்தில் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் பிடித்தம் குறைந்து, வருஷக் கடைசியில் பாக்கி கேட்பார்கள். குடும்ப நிலை மாறினால், குழந்தை பிறந்தால், புதுப் பாரம் கொடுத்துப் பிடித்தத்தை மாற்றிக்கொள்ளலாம். ஜெர்மனியில், மேற்கு ஜெர்மனியாயிருந்த 1958 முதல், கணவன் மனைவி வருமானத்தைக் கூட்டி, சரிபாதியாக்கி, பாதிக்குரிய வரியை இரட்டிப்பாக்கி வசூலிக்கிறார்கள்.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே நெடுங்காலம் மனைவியின் வருமானத்தைக் கணவனுடையதாகவே பாவித்து வரி போட்டார்கள். அது பெண்ணின் தனித் தன்மைக்கு இழுக்கு என்று கண்டு 1990-இல் அதை ஒழித்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கென்று விதித்தார்கள். அப்படி விதித்தும், 2015-இல், வருமானம் குறைந்த துணைவர் தமது வரியில்லா வரம்பில் பத்தில் ஒரு பங்கை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கலாமென்று ஒரு சிறு கதவைத் திறந்தார்கள். அப்படிப் பெற்றுக்கொண்டவருடைய வரிக் குறியீட்டின் கடைசியில் 'எம்' என்ற எழுத்தும், கொடுத்தவருடையதில் 'என்' என்ற எழுத்தும் வருகின்றன. அந்த ஓர் எழுத்தைப் பார்த்துச் சம்பளக் குமாஸ்தா பிடித்தத்தைக் குறைத்துவிடுகிறார்.

இந்த மூன்றில் நமக்கு ஏற்றது எது? சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. அதை நாம் அலட்சியம் செய்ய முடியாது. வருமானங்களைக் கூட்டிவிட்டால், வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் மனைவியின் முதல் ரூபாயின் மீதே கணவனுடைய உயர்ந்த விகிதம் விழும். நம் பெண்கள் படித்துவிட்டு வீட்டில் அமர்ந்திருப்பது போதாதென்று, வரிச் சட்டமும் அவர்களை வாசற்படியில் தடுக்க வேண்டுமா? ஜெர்மானிய முறையைப் பற்றி அந்நாட்டிலேயே இந்தக் குறை இன்றளவும் கூறப்படுகிறது. ஆகவே கட்டாயச் சேர்ப்பு நமக்கு வேண்டாம். 2025 பட்ஜெட்டுக்கு முன்பு இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் சர்க்காருக்குக் கொடுத்த யோசனையும், விரும்பும் தம்பதிகள் மட்டும் சேர்ந்து கணக்குக் கொடுக்கலாம் என்பதே. அதைப் பின்பற்றினாலும் நமக்கு ஆட்சேபமில்லை. ஆயினும் இங்கிலாந்தின் கதவு எளிது, செலவும் குறைவு. அதைப் பத்தில் ஒரு பங்காகத் திறவாமல் முழுதாகத் திறந்தால் என்ன? சொந்த வருமானமில்லாத துணைவருடைய 4 லட்ச வரம்பை, சம்பாதிக்கும் துணைவர் தம் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று விதிக்கட்டும். நாம் மேலே சொன்ன 18 லட்சக்காரனுக்கு அப்போது 13,25,000 ரூபாய்க்கு வரி 78,750, செஸ் 3,150, ஆக 81,900 ரூபாய். மாதப் பிடித்தம் 12,567-லிருந்து 6,825-ஆக இறங்கும். வித்தியாசம் மாதம் 5,700 ரூபாய்க்குச் சற்று அதிகம். சர்க்கார் பொக்கிஷத்துக்கு அது பெரிதன்று என்று நாம் சொல்லமாட்டோம்; பல வீடுகளைக் கூட்டினால் பெரிதுதான். ஆனால் அந்தத் தொகை ஒரு வீட்டில் மளிகைக் கணக்கின் பெரும் பகுதி என்பதையும் சர்க்கார் நினைக்க வேண்டும்.

விவாகத்தை மட்டும் அளவாகக் கொண்டால், கணவனை இழந்து பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய்க்கு ஒன்றும் கிட்டாமல் போகும். அவளைவிட ஒருவர் சம்பாத்தியத்தின் பாரத்தை அறிந்தவர் யார்? அவளுக்கும், நோயுற்ற கணவனைத் தாங்கும் மனைவிக்கும் இந்தச் சலுகை ஒருசேரக் கிடைக்கும்படி விதி எழுதப்படவேண்டும்.

பொய் உறுதிமொழி கொடுப்பார்கள் என்ற அச்சம் ஒன்று கூறப்படலாம். பேரேடுகளைப் புரட்டிய காலத்தில் அதற்கு அர்த்தமிருந்தது. இப்போது வரிக் கணக்குக் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் பான் எண் இருக்கிறது. பாங்கி வட்டி, பங்குகளின் ஆதாயம், சம்பளம் எல்லாம் அந்த எண்ணின்கீழ் இலாகாவின் கணக்கில் தாமே வந்து சேருகின்றன. மனைவிக்கு வருமானம் உண்டா இல்லையா என்பது கணவனுக்குத் தெரிவதற்கு முன்னரே இலாகாவுக்குத் தெரிந்துவிடுகிறது. உறுதிமொழியில் இரண்டு எண்களைக் கேட்டால் போதும்.

சட்டம் திருந்தும் வரையில் சம்பளக்காரர் சும்மா இருக்க வேண்டியதில்லை. இருக்கிற சட்டத்திலேயே பிடித்தத்தைச் சரிசெய்துகொள்ள வழிகள் உண்டு. பலர் அவற்றைக் கையாளுவதில்லை. வருஷ வருமானத்தை மதிப்பிட்டு, அதற்குரிய சராசரி விகிதத்தில் மாதந்தோறும் பிடிக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கட்டளை. கூடவோ குறையவோ பிடித்திருந்தால், அதே வருஷத்துக்குள் மீதி மாதங்களில் அதைச் சரிக்கட்டவும் அது இடங்கொடுக்கிறது. நடைமுறையில் நடப்பது என்ன? கோயம்புத்தூரிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவர் இஞ்சினீயர்; அவருடைய மனைவி இரண்டாம் குழந்தை பிறந்தபின் ஆசிரியை வேலையை விட்டவர். அக்டோபரில் அவர் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேர்ந்தார். இரண்டிலும் மாதம் ஒன்றரை லட்சமே சம்பளம். சேர்ந்த அன்றே முந்திய சம்பள விவரத்தைக் கொடுத்திருக்கிறார். "ஜனவரியில் பார்த்துக்கொள்வோம்" என்று கணக்கு இலாகாவில் சொல்லிவிட்டார்கள். புதிய கம்பெனி தான் கொடுக்கும் ஆறு மாதச் சம்பளமான 9 லட்சத்தை மட்டும் பார்த்து, வரியில்லை என்று மூன்று மாதம் ஒன்றும் பிடிக்கவில்லை. ஜனவரியில் விழித்துக்கொண்டு, பாக்கி 75,400 ரூபாயையும் மூன்று மாதங்களில், மாதம் 25,133 ரூபாய் வீதம் பிடித்தது. அதே மாதங்களில் அவருடைய தாயாருக்குக் கண் சத்திர சிகிச்சை. வேறொரு சம்பளம் வரும் வீடாயிருந்தால் எப்படியோ சமாளித்திருப்பார்கள். இவர் வீட்டில் நகை அடகுக்குப் போயிற்று. வரித் தொகை சரியானதுதான். பிடித்த முறைதான் பிழை. சட்டம் ஆறு மாதத்துக்குப் பகிர்ந்ததை, ஒரு குமாஸ்தாவின் சோம்பல் மூன்று மாதத்தில் திணித்தது.

ஆகவே ஒருவர் சம்பளத்தை நம்பியுள்ள வீட்டார் ஏப்ரல் மாதத்திலேயே சில காரியங்களைச் செய்துவிட வேண்டும். பழைய முறையா புதிய முறையா என்பதை எழுத்து மூலம் வேலை கொடுப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் புதிய முறையிலேயே பிடிக்க வேண்டுமென்று 2023 ஏப்ரலில் நேர்முக வரிகள் மத்திய போர்டு உத்தரவிட்டது. வீட்டுக் கடனும் வாடகையும் பெரிதாயிருந்தால் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பிறகு கணக்குப் பத்திரம் கொடுக்கும்போது முறையை மாற்றிக்கொள்ளலாமென்றாலும், இடையில் அதிகம் பிடித்தது மாதக்கணக்கில் சர்க்காரிடம் கிடக்கும். பாங்கி வட்டி முதலிய வேறு வருமானத்தை மறைக்காமல் முன்கூட்டியே தெரிவித்தால் அதற்குரிய வரியும் சிறுகச் சிறுகப் பிடிபட்டுவிடும். பாங்கியில் ஏற்கெனவே பிடித்த வரியையும், மோட்டார் வாங்கியபோதோ பிள்ளையின் படிப்புக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியபோதோ வசூலித்த வரியையும் வேலை கொடுப்பவரிடம் காட்டி, சம்பளப் பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லும் உரிமை 2024 அக்டோபர் முதல் உண்டு. இந்த உரிமையைப் பற்றி நாம் விசாரித்த பத்துப் பேரில் ஒருவர்தான் கேள்விப்பட்டிருந்தார்.

அதிகம் பிடித்தால் என்ன, திரும்ப வந்துவிடுமே என்று சிலர் ஆறுதல் சொல்லிக்கொள்ளுகிறார்கள். குறைவாகச் செலுத்தியவரிடம் சர்க்கார் கேட்கும் வட்டி மாதத்துக்கு 1 சதவீதம். அதிகம் பிடித்ததைத் திருப்பும்போது கொடுக்கும் வட்டி மாதத்துக்கு அரை சதவீதம். திரும்பும் தொகை மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அதுவுமில்லை. 1961-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென்று விதிக்கப்பட்ட புதிய சட்டம், பிரிவுகளைக் குறைத்தது, பாஷையை எளிதாக்கிற்று. இந்த ஓரவஞ்சனையைத் தொடவில்லை.

2025 பட்ஜெட்டைச் சமர்ப்பித்த ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன் மதுரையில் பிறந்தவர். ஒருவர் சம்பளத்தில் ஆறு பேர் உண்ணும் வீடு எப்படியிருக்குமென்று அவருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. துணைவரின் வரம்பை மாற்றிக் கொடுக்கும் விதிக்குப் பார்லிமெண்டின் சம்மதம் வேண்டும், அதற்குக் காலமாகலாம். ஆனால் தொழிலாளி கொடுக்கும் விவரத்தை அடுத்த மாதச் சம்பளத்திலேயே கணக்கில் கொள்ளவேண்டுமென்றும், வருஷ வரி இவ்வளவு, இதுவரை பிடித்தது இவ்வளவு, இனிப் பிடிக்க வேண்டியது இவ்வளவு என்று ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் காட்டவேண்டுமென்றும் உத்தரவிட, போர்டின் ஒரு சுற்றறிக்கை போதும். வேலை கொடுப்போர் அந்தச் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாதந்தோறும் வரிப் பிடித்தப் பட்டியலில் கையெழுத்திடும் பொறுப்பு நமக்கும் உண்டு. நமது காரியாலயத்தின் சம்பளச் சீட்டில் இந்த மூன்று வரிகளையும் அச்சிட்டு வருகிறோம். அதற்காக நமக்கு அதிகமாகப் பிடித்த செலவு, சீட்டின் நீளத்தில் அரை அங்குலம் காகிதம்.